ரோமன் லிபியில் நம் க்ரந்தங்கள்: குறியிட்ட எழுத்துகள் கணினியில் அமையும் முறை

அவதாரிகை

ஆழ்வார்களின் அருளிச்செயல்களும், அவற்றுக்குப் பூர்வாசார்யர்கள் அருளிய வ்யாக்யானங்களும், ரஹஸ்ய க்ரந்தங்களும் இன்று தமிழ், க்ரந்த, தேவநாகரி லிபிகளில் மட்டுமன்றி ரோமன் லிபியிலும் அச்சேறி வருகின்றன. ஆங்கில மொழிபெயர்ப்புகளின் அடிக்குறிப்புகள், பல்கலைக்கழக ஆய்வேடுகள், நூலக அட்டவணைகள், தமிழெழுத்துப் பயிலாத இளந்தலைமுறையினர்க்கான ஸ்தோத்ர நூல்கள் ஆகிய அனைத்திலும் இவ்வெழுத்துப்பெயர்ப்பு இடம்பெறுகிறது. ரோமன் லிபியிலுள்ள 26 எழுத்துகள் ஸம்ஸ்க்ருதத்துக்கோ தமிழுக்கோ போதா. ஆகவே அவற்றின் மேலும் கீழும் கோடு, புள்ளி முதலிய குறிகளையிட்டுக் குறையை நிரப்பிக்கொள்கிறோம்.

இக்குறிகள் தாளில் அமைவது எளிது. கணினியில் அமைவது அவ்வளவு எளிதன்று. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு எழுத்துகள் கணினியின் உள்ளே வெவ்வேறாக இருக்கக்கூடும். ஒரு கணினியில் செவ்வனே தோன்றியது மற்றொன்றில் சிதையவும் கூடும். ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதியவரின் கைப்பிழையால் பாடபேதங்கள் தோன்றியதை நாம் அறிவோம். இங்கோ எவர் கையும் பிழை செய்யாமலே பாடம் மாறிவிடுகிறது. அது நிகழும் விதத்தையும், அதைத் தவிர்க்கும் வழியையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறிகளின் இன்றியமையாமை

குறிகள் வெறும் அலங்காரம் என்று கருதுவார் உண்டு. ஸம்ஸ்க்ருதத்திலிருந்து ஓர் உதாரணம் காண்போம். 'தர்மாதர்மம்' என்ற தொடரில் இரண்டாம் சொல்லின் எதிர்மறை அகரம் முன்சொல்லின் இறுதி அகரத்தோடு கூடித் தீர்க்கமாகிறது. ரோமன் லிபியில் அந்த ஆகாரத்தை உணர்த்துவது ஏ என்னும் எழுத்தின் மேலுள்ள நெடிற்கோடு ஒன்றே. அக்கோடு விழுந்துவிட்டால் அதர்மம் என்ற சொல்லே மறைந்து, தர்மத்தின் தர்மம் என்று படிக்க நேரிடும். எதிர்மறைப் பொருள் முழுவதும் ஒரு கோட்டில் தங்கியிருக்கிறது.

தமிழிலும் அவ்வாறே. எம்பெருமானின் 'தாள்' என்பதும், பணிதலைக் குறிக்கும் 'தாழ்' என்பதும் ரோமன் லிபியில் எல் என்னும் எழுத்தின் கீழ் இடப்படும் குறியால் மட்டுமே வேறுபடும். ளகரத்துக்குக் கீழ்ப்புள்ளி, ழகரத்துக்குக் கீழ்க்கோடு. திருப்பாவையில் 'பறை' என்ற சொல் தாங்கும் பொருளாழத்தை வ்யாக்யாதாக்கள் விரித்துரைத்துள்ளனர். ஆர் என்னும் எழுத்தின் கீழுள்ள கோடு போனால் அது 'பரை' ஆகிவிடும்.

எழுத்துப்பெயர்ப்பு முறைகள்

1894-ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய கீழ்த்திசை ஆய்வாளர் மாநாட்டில் ஸம்ஸ்க்ருதத்துக்கான ரோமன் எழுத்துப்பெயர்ப்பு ஒழுங்குபடுத்தப்பட்டது. இன்று உலகெங்கும் ஸம்ஸ்க்ருத அறிஞர்கள் கையாளும் முறை அதன் வழி வந்ததே. நெடிலுக்கு மேற்கோடு, மூர்த்தந்ய எழுத்துகளுக்குக் கீழ்ப்புள்ளி, தாலவ்ய சகாரத்துக்கு மேற்சாய்கோடு, ஞகாரத்துக்கு அலைக்கோடு என்பன அதன் அடிப்படை.

தமிழுக்கு, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்ஸிகனின் முறை ஆய்வுலகில் நிலைபெற்றது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் அது பிரித்துக் காட்டும். ழகர, றகர, னகரங்களுக்குக் கீழ்க்கோடு இடும். இந்திய லிபிகள் பலவற்றுக்கும் பொதுவாக 2001-இல் வெளிவந்தது ஐஎஸ்ஓ 15919 என்னும் பன்னாட்டுத் தரம்.

மணிப்ரவாள க்ரந்தங்களைப் பதிப்பிப்பவர்க்கு இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. ஸம்ஸ்க்ருத முறையில் கீழ்ப்புள்ளியிட்ட எல் என்பது உயிரெழுத்தாகிய லுகாரம். தமிழ் முறையில் அதுவே ளகரம். ஸம்ஸ்க்ருதத்தில் ஏகார ஓகாரங்களுக்குக் குறில் இல்லாமையால் அவற்றின் மேல் கோடிட வேண்டுவதில்லை. தமிழிலோ கோடு இன்றியமையாதது. ஒரே வாக்யத்தில் இரு மொழிச் சொற்களும் விரவி வரும்போது ஒரே குறி இரு பொருள்பட நிற்கும். ஐஎஸ்ஓ 15919 இதை ஓரளவு தீர்க்கிறது. அது ளகரத்துக்குக் கீழ்ப்புள்ளியை ஒதுக்கி, ஸம்ஸ்க்ருத உயிர்களான ருகார லுகாரங்களுக்குக் கீழ்வட்டம் இடுகிறது. ஆதலின் உபய வேதாந்த க்ரந்தங்களுக்கு அது ஏற்ற முறையாகத் தோன்றுகிறது. எம்முறையைக் கொண்டாலும் நூலின் முன்னுரையில் அதை அறிவித்துவிடுதல் பதிப்பாசிரியரின் கடமை.

வடிவம் வேறு, குறியெண் வேறு

கணினி எழுத்துகளை வடிவங்களாக நினைவில் வைப்பதில்லை, எண்களாகவே வைக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் உண்டு. அந்த எண்ணுக்கு உரிய வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டுவது எழுத்துரு. எண்ணை எழுத்தின் ஸ்வரூபமென்றும், எழுத்துருவை அது அணியும் உடையென்றும் கொள்ளலாம். உடை மாறினாலும் ஸ்வரூபம் மாறாதிருக்க வேண்டும் என்பதே இத்துறையின் ஆதார விதி. நம் நூல்களுக்கு நேர்ந்த கேடுகளில் பெரும்பாலானவை இவ்விதி மீறப்பட்டதால் வந்தவை.

அமெரிக்காவில் 1963-இல் வெளிவந்து 1967-இல் திருத்தம் பெற்ற ஆஸ்கி என்னும் அட்டவணையில் 128 இடங்களே இருந்தன. சிறிய ஏ-க்கு 97, சிறிய எஸ்-ஸுக்கு 115 என்பன அதில் அமைந்த எண்கள். குறியிட்ட எழுத்துகளுக்கு அங்கே இடமில்லை. 1987-இல் வந்த ஐஎஸ்ஓ 8859-1 என்னும் தரம் 256 இடங்களைக் கொண்டு பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் முதலிய மேற்கு ஐரோப்பிய மொழிகளின் தேவையை நிறைவேற்றியது. ஸ்பானிஷ் மொழிக்காகச் சேர்ந்த அலைக்கோடிட்ட என் நம் ஞகாரத்துக்குப் பயன்பட்டது. நெடிற்கோடிட்ட ஏ, கீழ்ப்புள்ளியிட்ட எஸ் ஆகியவை அதிலும் இல்லை.

ஆகவே அறிஞர்கள் வேறு வழி தேடினர். 1990-இல் வியன்னாவில் நடந்த உலக ஸம்ஸ்க்ருத மாநாட்டில் இத்தகைய எழுத்துகளுக்குப் பொதுக் குறியெண்கள் வகுக்கப்பட்டன. எனினும் பதிப்பகங்கள் பலவும் தத்தமக்கென எழுத்துருக்களைச் செய்துகொண்டன. ஐரோப்பிய எழுத்தொன்றின் எண்ணை எடுத்து, அதற்கு நம் எழுத்தின் வடிவத்தை வரைந்துவிடுவதே அவற்றின் உபாயம்.

வைணவ நூல்களின் ஆங்கிலப் பதிப்புகளில் பரவலாகப் புழங்கிய ஒரு திட்டத்தில், மேல்வட்டமிட்ட ஏ-யின் இடத்தில் ருகாரமும், அலைக்கோடிட்ட என்-னின் இடத்தில் ஷகாரமும், இருபுள்ளியிட்ட ஈ-யின் இடத்தில் ணகாரமும் வைக்கப்பட்டிருந்தன. அந்த எழுத்துரு உள்ள கணினியில் 'க்ருஷ்ண' என்ற திருநாமம் அழகாகத் தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், ஐரோப்பிய மொழி எதிலும் இல்லாத ஒரு விசித்திரச் சொல்லே தோன்றும். வடிவத்தை மட்டும் நம்பி எண்ணைப் புறக்கணித்ததன் பலன் அது. அக்கோப்புகளில் திருநாமம் எண்ணளவில் ஒருபோதும் எழுதப்படவே இல்லை. எழுதப்பட்டதுபோல் காட்டப்பட்டது, அவ்வளவே.

யூனிகோடு அளித்த தீர்வு

உலக லிபிகள் அனைத்திலும் உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்த எண் தருவதே யூனிகோடு என்னும் ஒருங்குறி அமைப்பு. அதன் முதற் பதிப்பு 1991-இல் வெளிவந்தது. இந்திய மொழிகளின் எழுத்துப்பெயர்ப்புக்கு வேண்டிய புள்ளியிட்ட, கீழ்க்கோடிட்ட எழுத்துகள் 1993-இல் விரிவான ஒரு தொகுதியாக அதில் இடம்பெற்றன. வியட்நாமிய மொழியின் குறியிட்ட உயிரெழுத்துகளும் அத்தொகுதியிலேயே உள்ளன.

இவ்வமைப்பில் நெடிற்கோடிட்ட ஏ-க்கு எண் 257. மேற்சாய்கோடிட்ட எஸ், அதாவது தாலவ்ய சகாரம், 347. கீழ்ப்புள்ளியிட்ட எஸ், அதாவது ஷகாரம், 7779. கீழ்ப்புள்ளியிட்ட என், ணகரம், 7751. கீழ்ப்புள்ளியிட்ட எல், ளகரம், 7735. கீழ்க்கோடிட்ட எல், ழகரம், 7739. கீழ்க்கோடிட்ட ஆர், றகரம், 7775. கீழ்க்கோடிட்ட என், னகரம், 7753. இவ்வெண்கள் எந்த எழுத்துருவிலும், எந்தக் கணினியிலும் மாறா. எழுத்துருவில் வடிவம் இல்லையெனில் வெறும் கட்டமொன்று தோன்றலாம். அல்லது வேறு எழுத்துருவிலிருந்து வடிவம் கடன் வாங்கப்படலாம். எண் மட்டும் அழியாது. தக்க எழுத்துருவை இட்டவுடன் எழுத்து மீளத் தெரியும். ஜென்டியம், நோட்டோ போன்ற எழுத்துருக்களில் இவ்வடிவங்கள் அனைத்தும் உள்ளன.

ஓரெழுத்துக்கு இரு அமைப்புகள்

யூனிகோடைக் கைக்கொண்ட பின்னும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கீழ்ப்புள்ளியிட்ட எஸ்-ஸை 7779 என்ற ஒரே எண்ணாலும் எழுதலாம்; 115 என்ற வெறும் எஸ்-ஸையும், 803 என்ற ஒட்டும் கீழ்ப்புள்ளியையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். தனித்து நில்லாமல் முன்னுள்ள எழுத்தோடு சேரும் இக்குறியை ஒட்டுக்குறி என்போம். நெடிற்கோட்டுக்கு 772, கீழ்க்கோட்டுக்கு 817 என ஒட்டுக்குறிகள் தனியே உண்டு.

இது தமிழர்க்குப் புதிதன்று. 'கொ' என்ற உயிர்மெய்யில் ககரத்தின் பின் ஒகரக் குறி 3018 என்ற ஒரே எண்ணாக வரலாம்; ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 என இரண்டாகப் பிரிந்தும் வரலாம். தோற்றம் ஒன்றே. யூனிகோடு நெறிப்படி இரண்டும் ஸமமானவை.

ஸமமாயினும் எல்லாச் செயலிகளும் அவற்றை ஸமமாக நடத்துவதில்லை. எண்ணுக்கு எண் ஒப்பிடும் தேடுபொறியில் 'விஷ்ணு' என்று ஒரு முறையில் எழுதித் தேடினால், மறு முறையில் எழுதப்பட்ட விஷ்ணு அகப்படார். ஒரு க்ரந்தத்தின் முற்பகுதியை ஒருவரும் பிற்பகுதியை மற்றொருவரும் தட்டச்சிட்டிருந்தால் சொல்லடைவு இரண்டாகப் பிளவுபடும். ஒரு சொல் நூலில் எத்தனை இடங்களில் வருகிறது என்ற கணக்கு பிழைபடும். அக்கணக்கை ஆதாரமாகக் கொண்டு நூலின் காலத்தையோ ஆசிரியரையோ நிர்ணயிக்கப் புகுவோர் தவறான முடிவுக்கு வருவர். திரையில் பார்த்து இப்பிழையைக் கண்டுபிடிக்க இயலாது என்பதே இதிலுள்ள அபாயம்.

இதற்குப் பரிஹாரம் யூனிகோடிலேயே வகுக்கப்பட்டுள்ளது. இயல்பாக்கம் எனப்படும் செயல்முறை, கோப்பிலுள்ள எழுத்துகள் யாவற்றையும் ஒரே அமைப்புக்குக் கொண்டுவரும். அதன் ஒரு வகை, கூட்டெழுத்து உள்ள இடங்களிலெல்லாம் ஒரே எண்ணாகச் சேர்க்கும். மற்றொரு வகை, எல்லாவற்றையும் அடியெழுத்தும் ஒட்டுக்குறியுமாகப் பிரிக்கும். கீழ்ப்புள்ளியும் மேற்கோடும் சேர்ந்து வரும் தீர்க்க ரூகாரத்தில், எந்தக் குறியை முதலில் தட்டியிருந்தாலும், கீழ்க்குறி முன்னும் மேற்குறி பின்னுமாக அது வரிசைப்படுத்தும். பதிப்புக்குச் சேர்க்கும் வகையே பொதுவாக ஏற்றது.

ஆனால் ஐஎஸ்ஓ 15919 முறையில் வரும் கீழ்வட்டமிட்ட ஆர்-க்கு ஒற்றை எண்ணே கிடையாது. அது எப்போதும் 114, 805 என்ற இரு எண்களாகவே நிற்கும். ஒட்டுக்குறிகளை உரிய இடத்தில் பொருத்தத் தெரியாத பழைய எழுத்துருக்களில் அவ்வட்டம் விலகித் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. இங்கு எண்கள் சரியானவை. எழுத்துருவை மாற்றுவதே வழி. எண்ணை மாற்ற முற்படலாகாது.

கோப்பு சிதைவதன் காரணம்

கோப்பில் எண்கள் பைட் எனப்படும் சிற்றலகுகளாகச் சேமிக்கப்படுகின்றன. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையே அடங்கும். பெரிய எண்களைப் பல பைட்டுகளாகப் பிரித்து வைக்கும் யூடிஎஃப்-8 என்னும் முறையைக் கென் தாம்ப்ஸன், ராப் பைக் இருவரும் 1992-இல் வகுத்தனர். இதில் வெறும் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். நெடிற்கோடிட்ட ஏ-க்கு இரண்டு. கீழ்ப்புள்ளியிட்ட எஸ்-ஸுக்கு மூன்று.

7779 என்ற ஷகாரம் 225, 185, 163 என்ற மூன்று பைட்டுகளாக நிற்கும். இவை மூன்றும் சேர்ந்து ஓரெழுத்து என்பதை அறியாத செயலி, ஒவ்வொன்றையும் பழைய ஐரோப்பிய அட்டவணைப்படி தனித்தனியே படித்துவிடும். அப்போது சாய்கோடிட்ட ஏ, மேலெழுந்த சிறிய ஒன்று, பவுண்டு நாணயக் குறி என மூன்று எழுத்துகள் தோன்றும். இவ்வாறு சிதைந்த கோப்பைக் கண்டால் பதறி, கையால் திருத்த முற்படலாகாது. கோப்பில் எழுத்து அப்படியே இருக்கிறது. படிக்கும் முறைதான் பிழை. யூடிஎஃப்-8 என்று தெரிவித்துத் திறந்தால் மூலம் மீளும். சிதைந்த நிலையிலேயே திருத்திச் சேமித்துவிட்டால்தான் மூலம் கெடும்.

தட்டச்சிடும் வழிகள்

பழைய தட்டச்சுப்பொறியில் சில விசைகளை அழுத்தினால் குறி மட்டும் பதியும், தாள் நகராது. அடுத்து அழுத்தும் எழுத்து அக்குறியின் கீழேயே வந்து அமையும். கணினி விசைப்பலகையிலும் இந்த நகராத விசை முறை தொடர்கிறது. விண்டோஸில் உள்ள யுஎஸ் இன்டர்நேஷனல் பலகை பிரெஞ்சு, ஸ்பானிஷ் எழுத்துகளுக்குப் போதுமானது. நெடிற்கோடும் கீழ்ப்புள்ளியும் அதில் இல்லை. அவற்றுக்கெனத் தனிப் பலகையை நிறுவிக்கொள்ள வேண்டும். எப்போதாவது ஓரெழுத்து மட்டும் வேண்டுமாயின், வேர்டு செயலியில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்புற எண்பலகையில் 7779 என இட்டால் ஷகாரம் வரும்.

மேக் கணினியில் ஏபிசி எக்ஸ்டெண்டட் என்ற பலகை உடனிருக்கிறது. அதில் ஆப்ஷன் விசையோடு ஏ-யை அழுத்தியபின் உயிரெழுத்தை அழுத்தினால் நெடிற்கோடு. ஆப்ஷனோடு எக்ஸ் அழுத்தினால் கீழ்ப்புள்ளி. ஆப்ஷனோடு ஈ அழுத்தினால் மேற்சாய்கோடு. லினக்ஸில் கம்போஸ் என்ற விசையை ஏற்படுத்திக்கொண்டு, பின் அடிக்கோட்டையும் ஏ-யையும் அழுத்தினால் நெடிற்கோடிட்ட ஏ கிடைக்கும். வியப்புக்குறியையும் எஸ்-ஸையும் அழுத்தினால் ஷகாரம் கிடைக்கும்.

லிபிமாற்றிச் செயலியைக் கொண்டு தேவநாகரியிலிருந்தோ க்ரந்தத்திலிருந்தோ நேரே ரோமனுக்கு மாற்றுவது மூன்றாம் வழி. அக்ஷரமுகா போன்ற செயலிகள் இதைச் செய்யும். ஆயின் தமிழ் லிபியில் எழுதிய ஸம்ஸ்க்ருதத்தை இவ்வாறு மாற்றுவது கூடாது. 'பக்தி', 'பலம்' என்ற இரண்டிலும் தமிழ் லிபி ஒரே பகரத்தையே இடுகிறது. மூலத்தில் இல்லாத வேறுபாட்டைச் செயலி கற்பித்துக்கொள்ளாது. இரண்டுக்கும் பி என்ற வல்லெழுத்தையே தரும். வர்க்க எழுத்துகளுக்கு 2, 3, 4 என எண்ணிட்ட பதிப்புகள் இவ்விஷயத்தில் பேருதவி புரிகின்றன.

ஓர் ஆக்ஷேபமும் ஸமாதானமும்

இத்தனை சிரமம் எதற்கு? ஹார்வர்டு-கியோட்டோ முறையைப்போல் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கொண்டே எல்லாவற்றையும் எழுதிவிடலாமே எனின், உள்ளீட்டுக்கு அம்முறை உத்தமமானதே. குறியில்லாத ஆஸ்கி எழுத்துகளால் ஆனதால் எங்கும் சிதையாது. ஆனால் வாக்யத்தின் தொடக்கத்திலும் பெயர்களிலும் பெரிய எழுத்திடும் ஆங்கில மரபோடு அது ஒவ்வாது. அன்றியும் அம்முறையில் இஸட் என்பது தாலவ்ய சகாரம். தமிழைக் குறியின்றி எழுதுவோர் பலர்க்கோ இஸட் என்பது ழகரம். மணிப்ரவாளத்தில் இரண்டும் அடுத்தடுத்து வரும். ஆகவே உள்ளீட்டுக்கு அதைக் கொண்டு, பதிப்புக்குக் குறியிட்ட எழுத்துக்கு மாற்றிக்கொள்வதே தக்கது.

பழைய கோப்புகளை மாற்றும்போது

பழைய எழுத்துருக்களில் உள்ள நூல்களை யூனிகோடுக்கு மாற்றுவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்த எழுத்துருவில் அமைந்த பகுதிகளை மட்டுமே மாற்ற வேண்டும். அடிக்குறிப்பில் உண்மையாகவே பிரெஞ்சுச் சொல் இருந்தால் அதன் சாய்கோடிட்ட ஈ, தீர்க்க ஈகாரமாக மாறிவிடும்.

இரண்டாவது, மாற்றும் வரிசை. மேலே கூறிய திட்டத்தில் அலைக்கோடிட்ட என் ஷகாரத்தைக் குறித்தது. ஞகாரத்துக்கோ இருபுள்ளியிட்ட ஐ இடப்பட்டது. முதலில் ஐ-யை ஞகாரமாக, அதாவது அலைக்கோடிட்ட என்-னாக மாற்றி, பிறகு அலைக்கோடிட்ட என்-கள் அனைத்தையும் ஷகாரமாக்கினால், இப்போது பிறந்த ஞகாரங்களும் ஷகாரமாகிவிடும். நூல் முழுதும் 'ஜ்ஞானம்' என்பது 'ஜ்ஷானம்' ஆகும். ஷகாரத்தை முதலிலும் ஞகாரத்தைப் பின்னரும் மாற்ற வேண்டும். மாற்றிய பின் மூலத்தோடு ஒப்பு நோக்குதல் அவசியம்.

பொருளடைவும் இங்ஙனமே சோதிக்கத்தக்கது. குறியெண் வரிசையில் 257-ஆம் எண்ணுடைய ஆகாரம் 122-ஆம் எண்ணுடைய இஸட்டுக்குப் பின்னரே நிற்கும். எண்களை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் செயலியில் 'ஆழ்வார்', 'ஆசார்யன்' ஆகிய சொற்கள் அடைவின் கடைசியில் போய் விழும். வரிசைப்படுத்தலுக்கென யூனிகோடு வகுத்த தனி நெறியைப் பின்பற்றும் செயலியையே கையாள வேண்டும்.

ஸங்க்ரஹம்

ரோமன் லிபியில் நம் க்ரந்தங்களைப் பதிப்பிப்போர் கொள்ள வேண்டியவை இவை. எழுத்துப்பெயர்ப்பு முறை ஒன்றைத் தேர்ந்து முன்னுரையில் அறிவிக்க. தத்ஸமச் சொற்களை ஸம்ஸ்க்ருத வழியில் எழுதுவதா, தமிழ் வழியில் எழுதுவதா என்பதை முன்னரே நிச்சயிக்க. யூனிகோடில் மட்டுமே தட்டச்சிடுக. கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்க. அச்சுக்கு அனுப்புமுன் இயல்பாக்கம் செய்க. ளகர ழகரங்களையும் ரகர றகரங்களையும் தனித்தனியே தேடிச் சரிபார்க்க.

அச்சிட்ட நூலில் ஒரு புள்ளி விழுந்தால் அறிந்தவர் ஊகித்துப் படித்துக்கொள்வர். கணினிக் கோப்பிலிருந்தோ நாளை நூறு பிரதிகள் எடுக்கப்படும். அவற்றிலிருந்து அடைவுகளும் அகராதிகளும் பிறக்கும். பிழை அவை அனைத்திலும் தொடரும். மூலக் கோப்பில் குறியெண்கள் செம்மையாக இருந்தால் பிரதிகள் யாவும் செம்மையாக இருக்கும். எழுத்துருக்களும் செயலிகளும் காலத்தால் மாறினாலும் பாடம் மாறாது நிற்கும்.